வளாகத்தில் ஒரு கூட்டம், எதிரே ஒரு பெருநிறுவனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகநீதி, பெருநிறுவன அதிகாரம் ஆகியவை பற்றிக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கூட்டம் நடத்த நினைக்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அந்த விஷயத்தில் மட்டும் உங்கள் ஊர் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டம் போட்டுப் பேசுவதால் அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கு என்ன ஆகிவிடும்?

இந்தச் சந்தேகம் மாணவர்களுக்குத்தான் வருகிறது. நிறுவனங்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. 1971 ஆகஸ்டில் லூயிஸ் பவல் என்ற வழக்கறிஞர் அமெரிக்க வர்த்தக சபைக்கு ஒரு ரகசியக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். தனியார் தொழில்துறைக்கு எதிரான குரல்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார்த்தவர், கல்லூரி வளாகத்தை முன்வரிசையில் வைத்தார். தொழில்துறையின் தரப்பை எடுத்துச் சொல்லும் பேச்சாளர்களை வர்த்தக சபை திரட்ட வேண்டும், வளாக மேடைகளில் சம நேரம் கேட்டு வற்புறுத்த வேண்டும், பாடநூல்களை ஆய்வு செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பரிந்துரைத்தார். இரண்டே மாதத்தில் அதிபர் நிக்சன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழிந்தார். குறிப்பு பத்திரிகையில் கசிந்தது 1972இல்.

அந்தக் குறிப்பில் பெயர் சொல்லிக் குறிவைக்கப்பட்டவர்களில் ஒருவர் ரால்ஃப் நேடர். கார்களின் பாதுகாப்புக் குறைகளை அம்பலப்படுத்தியவர். அவரைப் பின்தொடர ஜெனரல் மோட்டார்ஸ் தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தியது. விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் தலைவர் செனட் குழுவின் முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். நேடர் அதன்பிறகு வளாகம் வளாகமாகப் பேசினார். அந்தப் பேச்சுகளைக் கேட்ட மாணவர்கள், 1970களின் தொடக்கத்தில் தங்கள் கட்டணத்திலிருந்து சிறு தொகையை ஒதுக்கிப் பல மாநிலங்களில் பொதுநல ஆய்வுக் குழுக்களைத் தொடங்கி, வழக்கறிஞர்களையும் ஆய்வாளர்களையும் சம்பளத்துக்கு வைத்தார்கள். பவல் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

படிக்க வந்த இடத்தில் கம்பெனி விவகாரம் எதற்கு?

கம்பெனி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பல்கலைக்கழகம் பங்குகளில் பணம் போடுகிறது, சட்டையும் குளிர்பானமும் கணினியும் மொத்தமாக வாங்குகிறது, காவலுக்கும் துப்புரவுக்கும் ஒப்பந்தக்காரரை அமர்த்துகிறது, ஆய்வகக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்று நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கிறது. இத்தனையையும் உங்கள் கட்டணத்தை வைத்தும் உங்கள் பட்டத்தில் அச்சாகும் அதே பெயரை வைத்தும்தான் செய்கிறது.

சமூகநீதி ஒரு தலைப்பு, கார்ப்பரேட் அதிகாரம் இன்னொரு தலைப்பு. ஏன் இரண்டையும் ஒரே மேடையில் பேச வேண்டும்?

கருத்தரங்கு அழைப்பிதழில் இரண்டாகத் தெரியும். வளாகத்தில் ஒரு நாள் காலையில் சுற்றிப் பாருங்கள். விடுதிக் கழிப்பறையைக் கழுவுபவர் யார்? அவருக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகமா, ஒப்பந்த நிறுவனமா? அவருடைய சாதி அல்லது இனம் என்ன, பேராசிரியர்களில் எத்தனை பேர் அதே பின்னணியில் வந்தவர்கள்? ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையையும், உண்மையில் துடைப்பத்தோடு நிற்பவர்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாற்பது பேர் என்று கணக்குக் காட்டி முப்பது பேரை வைத்து வேலை வாங்கினால், பத்துப் பேரின் கூலி ஒருவர் பையிலும் பத்துப் பேரின் வேலை முப்பது முதுகிலும் ஏறுகிறது.

2001 வசந்த காலத்தில் ஹார்வர்டு மாணவர்கள் நிர்வாகக் கட்டடமான மாசசூசெட்ஸ் ஹாலுக்குள் 21 நாட்கள் உட்கார்ந்தது, துப்புரவுப் பணியாளர்களுக்கும் காவலர்களுக்கும் உணவுக்கூட ஊழியர்களுக்கும் வாழத் தகுந்த கூலி கேட்டுத்தான். 2015இல் தென்னாப்பிரிக்காவில் கட்டண உயர்வை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்கள், ஒப்பந்தப் பணியாளர்களைப் பல்கலைக்கழகமே நேரடியாக வேலைக்கு எடுக்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் கேட்டார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. கறுப்பினத் தொழிலாளியின் பிள்ளை மாணவராக உள்ளே வர முடியாததும், அந்தத் தொழிலாளி ஒப்பந்தக் கூலியாகவே நின்றுவிட்டதும் அவர்களுக்கு ஒரே பிரச்சினையாகத் தெரிந்தது.

முதலில் எந்தக் கோரிக்கையை எடுப்பது?

யாரிடம் கேட்கிறோம், அவரால் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று பாருங்கள். "கார்ப்பரேட் ஆதிக்கம் ஒழிக" என்ற பதாகைக்குத் துணைவேந்தர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவரும் வந்து கைதட்டிவிட்டுப் போகலாம். "நம் சின்னம் பொறித்த சட்டைகளைத் தைக்கும் ஆலைகளின் பெயரையும் முகவரியையும் வெளியிடுங்கள்" என்று கேட்டால் அவருக்கு வியர்க்கும். வெளியிட வேண்டும், இல்லை மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

1990களின் இறுதியில் அமெரிக்க மாணவர்கள் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். அந்த இயக்கத்திலிருந்துதான் 2000இல் ஆலைகளை நேரில் ஆய்வு செய்யும் தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு ஒன்று பிறந்தது. அதன் பலன் பின்னால் தெரிந்தது. மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில், பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த உடைகளை விற்ற ரசல் அத்லெடிக் நிறுவனத்தின் ஆலையில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 2009 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது. சுமார் 1,200 பேர் வேலை இழந்தார்கள். சங்கம்தான் மூடலுக்கு ஒரு காரணம் என்று அந்தக் கூட்டமைப்பு தன் அறிக்கையில் எழுதியது. மாணவர்கள் அந்த அறிக்கையோடு தங்கள் நிர்வாகங்களின் கதவைத் தட்டினார்கள். ஏறக்குறைய நூறு பல்கலைக்கழகங்கள் ரசலுடனான உரிம ஒப்பந்தத்தை நிறுத்தின அல்லது புதுப்பிக்க மறுத்தன. அந்த ஆண்டு நவம்பரிலேயே நிறுவனம் இறங்கி வந்தது. புது ஆலை திறக்கவும், வேலை இழந்தவர்களைத் திரும்ப எடுக்கவும், சங்கத்தோடு பேசவும் ஒப்புக்கொண்டது.

ஒரு சட்டைக்கான உரிம ஒப்பந்தம் எத்தனை பக்கம் இருக்கும் என்று தெரியாது. அதில் தொழிலாளர் உரிமையை மதிக்க வேண்டும் என்ற நடத்தை விதி ஒரு பத்தியாக இருந்தது. அந்தப் பத்தியைத்தான் மாணவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் டெண்டர் அறிவிப்பு, ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை ஆகியவற்றை முதலில் வாங்கிப் படியுங்கள். தகவல் கேட்கும் உரிமைச் சட்டம் இருக்கும் நாடு என்றால் மனு போடுங்கள். பேச்சாளரைத் தேடுவது அதற்கப்புறம்.

யாரைப் பேச அழைக்கலாம்? பெயர் பெற்றவர் வந்தால்தானே கூட்டம் சேரும்?

சேரும், கலையவும் செய்யும். பெயர் பெற்றவர் உலகமயமாக்கலிலிருந்து ஆரம்பித்து உங்கள் வளாகத்துக்கு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அவரை அழைக்கக் கூடாது என்று சொல்லவில்லை; அவருக்கு முன்னால், விஷயத்தை உடம்பில் சுமப்பவர் ஒருவர் பேச வேண்டும். ரசல் விவகாரத்தில் ஆலைத் தொழிலாளர்களே அமெரிக்க வளாகங்களுக்கு வந்து பேசினார்கள். தைத்தவர் முன்னால் நிற்கும்போது சட்டையைப் போட்டிருப்பவர் நெளிகிறார்.

மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் பேச்சு இரட்டிப்பு நேரம் எடுக்கும் என்பதை நிகழ்ச்சி நிரல் போடும்போதே கணக்கில் வையுங்கள். பெரும்பாலும் தொழிலாளியின் நேரத்தைத்தான் வெட்டுகிறார்கள். பேராசிரியரின் தலைமையுரையை வெட்ட யாருக்கும் தைரியம் வருவதில்லை. இன்னொன்று, அன்றைய கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

நிர்வாகம் அனுமதி மறுத்தால்?

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பவர்களில் பாதிப்பேர் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள்.

எழுத்திலேயே தடை இருந்த இடமும் உண்டு. வட கரோலினா மாநிலச் சட்டமன்றம் 1963இல் ஒரு சட்டம் போட்டது. கம்யூனிஸ்டு என்று அறியப்பட்டவர்களும், அரசு விசாரணையில் வாய் திறக்க மறுத்தவர்களும் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் பேசக் கூடாது. 1966 மார்ச்சில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாக மாணவர்கள், விசாரணையில் வாய் திறக்க மறுத்த ஃபிராங்க் வில்கின்சனையும் கம்யூனிஸ்டு வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் ஆப்தேக்கரையும் அழைத்தார்கள். அந்த வளாகத்துக்கும் நகரத்து வீதிக்கும் நடுவே தாழ்வான ஒரு கல் சுவர் உண்டு. பேச்சாளர் வீதியோர நடைபாதையில் நின்றார். மாணவர்கள் வளாகத்துப் பக்கம் புல்தரையில் திரண்டார்கள். பேச்சு சுவரைத் தாண்டிப் போனது. பேசும்போது அவர் நின்றது வளாகத்துக்கு வெளியே, ஆக சட்டம் மீறப்படவில்லை. அந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார் என்பதை வைத்து நாட்டின் பாதுகாப்பை அளந்த சட்டம் எவ்வளவு அபத்தமானது என்று பத்திரிகைப் படங்களே சொல்லிவிட்டன. மாணவர் தலைவர்கள் தொடுத்த வழக்கில் 1968இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் பூட்டை உடைக்கவில்லை. எல்லைக்கோடு எங்கே போகிறது என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். வழக்கறிஞரையும் கூடவே வைத்திருந்தார்கள்.

நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டால் என்ன செய்வது?

போடக்கூடும். பிரிட்டனில் மெக்டொனால்ட்ஸ் போட்டது. சம்பளம், விளம்பரம், விலங்குவதை, உணவின் தரம் என்று பலதையும் தாக்கிய ஒரு துண்டறிக்கைக்காக, லண்டனில் ஒரு சிறு குழுவைச் சேர்ந்த ஐந்து பேர்மீது 1990இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. மூவர் மன்னிப்புக் கேட்டு விலகினார்கள். ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் இருவரும் மறுத்து, சட்ட உதவி கிடைக்காமல் தாங்களே வாதாடினார்கள். 313 நாட்கள் விசாரணை. ஆங்கிலேய நீதி வரலாற்றிலேயே மிக நீண்டது. நிறுவனம் அமர்த்திய உளவாளிகள் அந்தக் குழுவின் கூட்டங்களில் உறுப்பினர்போல உட்கார்ந்திருந்தது விசாரணையில் வெளியே வந்தது. 1997இல் வந்த தீர்ப்பு பல குற்றச்சாட்டுகளை அவதூறு என்றது. குழந்தைகளை விளம்பரத்தால் சுரண்டுகிறது, விலங்குவதைக்குப் பொறுப்பாகிறது, குறைந்த கூலி கொடுக்கிறது என்பவை உண்மை என்றும் சொன்னது. 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சட்ட உதவி மறுத்ததால் நியாயமான விசாரணையும் கருத்துரிமையும் பறிபோயின என்று பிரிட்டிஷ் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் 1990இலிருந்து 2005 வரை என்பது 15 ஆண்டுகள். உங்களிடம் அவ்வளவு ஆண்டுகள் இல்லை. ஆகவே துண்டறிக்கையை எழுதும்போதே ஒவ்வொரு வரிக்கும் கையில் ஆவணம் வைத்திருங்கள். குற்றச்சாட்டைக் குற்றச்சாட்டு என்றும் தீர்ப்பைத் தீர்ப்பு என்றும் எழுதுங்கள். "கொலைகார நிறுவனம்" என்று எழுதுவதைவிட, எந்த நாளில், எந்த ஆலையில், எந்த விசாரணை அறிக்கையின்படி என்ன நடந்தது என்று எழுதினால் படிப்பவருக்கும் உறைக்கும், வழக்கறிஞருக்கும் பிடி கிடைக்காது. அச்சுக்குப் போகுமுன் குழுவில் மிகவும் சிடுசிடுப்பான ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை தரும் நிறுவனத்தைப் பற்றிப் பேசலாமா?

அங்கேதான் பேச வேண்டும், அங்கேதான் கடினமும். 2000 நவம்பர் 30 அன்று டேவிட் ஹீலி என்ற மனநல மருத்துவர், டொரன்டோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த மனநல மையம் ஒன்றில் உரையாற்றினார். அவருக்கு அங்கே வேலை ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. புரோசாக் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிலரைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடும் என்ற தன் கருத்தை உரையில் சொன்னார். ஒரு வாரம் கழித்து, வேலை இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. புரோசாக்கைத் தயாரித்த எலி லில்லி (Eli Lilly) என்ற மருந்து நிறுவனம் அந்த மையத்தின் நன்கொடையாளர். நிறுவனம் தங்களிடம் எதுவும் கேட்கவில்லை என்றது மையம். ஹீலி வழக்குத் தொடுத்தார். 2002இல் சமரசம் ஆனது.

மையம் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதுதான் எனக்கு அதிகக் கலக்கம் தருகிறது. யாரும் தொலைபேசியில் மிரட்டாமலேயே, நன்கொடையாளர் முகம் சுளிப்பாரோ என்று ஓர் அலுவலகம் தானாகவே ஒதுங்கினால், எந்த விசாரணையிலும் அகப்படாது. ஆகவே நன்கொடைப் பட்டியலையும் அதனோடு வரும் நிபந்தனைகளையும் பகிரங்கமாக வைக்கச் சொல்வதை நிரந்தரக் கோரிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பேராசிரியர்களே நிறுவனத்தின் பக்கம் நின்றால்?

எல்லோரும் அப்படி நிற்பதில்லை. எச்.ஐ.வி. மருந்தான ஸ்டாவுடினின் பயனை யேல் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர்களில் ஒருவர் வில்லியம் புரூசாஃப். காப்புரிமை பல்கலைக்கழகத்திடம், விற்பனை உரிமம் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனத்திடம். 2001 தொடக்கத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு அதே மருந்தின் மலிவான நகலை அனுமதியுங்கள் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலுக்கு எழுதியது. முதலில் யேல் கையை விரித்தது. சட்ட மாணவர்கள் விஷயத்தைக் கையிலெடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், புரூசாஃபிடமும் போனார்கள். வயதான அந்த விஞ்ஞானி மாணவர்கள் பக்கம் பேசினார். மார்ச் மாதத்துக்குள், தென்னாப்பிரிக்காவில் அந்தக் காப்புரிமையை வலியுறுத்தப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. சில வாரங்களில் முடிந்த அரிதான வெற்றி.

வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் நிறுவனத்தைத் தடுக்கலாமா?

1967 அக்டோபரில் மாடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் அதைத்தான் செய்தார்கள். வியட்நாம் போருக்கு நேபாம் என்ற தீக்குண்டுப் பொருளைத் தயாரித்த டவ் கெமிக்கல் நிறுவனம் ஆளெடுக்க வந்தபோது கட்டடத்தை மறித்து உட்கார்ந்தார்கள். காவல்துறை தடியோடு உள்ளே புகுந்தது. சாதாரணமாக ஒதுங்கி நின்ற மாணவர்கள் பலரை அந்தத் தடியடி போராட்டத்தின் பக்கம் தள்ளியது. 1969இல் டவ் நேபாம் தயாரிப்பை நிறுத்தியது போராட்டத்தால் என்று சொல்ல முடியாது. அடுத்த ஒப்பந்த ஏலத்தில் தோற்றதால். ஆனாலும் சாதாரணப் பொருட்களால் வீடுகளில் அறியப்பட்டிருந்த பெயர் அதற்குள் போரின் பெயராகிவிட்டது. போபால் விஷவாயுவுக்குக் காரணமான ஆலையை நடத்திய இந்தியக் கம்பெனிக்குத் தாய் நிறுவனமாக இருந்த யூனியன் கார்பைடை 2001இல் டவ் வாங்கியதும், அந்தப் பெயர் மீண்டும் பதாகைகளில் ஏறியது.

என் கருத்தைக் கேட்டால், நேர்காணல் அறையின் கதவை மறிக்காதீர்கள். உள்ளே போவது உங்கள் வகுப்புத் தோழர். வீட்டில் அவர் சம்பளத்தை எதிர்பார்த்து ஆட்கள் இருக்கலாம். அதற்கு முன்னால் நிறுவனம் நடத்தும் அறிமுகக் கூட்டம் இருக்கிறதே, அதில் உட்கார்ந்து கையுயர்த்திக் கேளுங்கள்: "போபாலில் எஞ்சிய நச்சுக் கழிவுக்கு உங்கள் நிறுவனம் பொறுப்பேற்குமா?" வேலை தேடி வந்த இருநூறு பேர் முன்னால் மனிதவள அதிகாரி என்ன பதில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பையும் மேடைக்கு அழைக்க வேண்டுமா?

ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவசியமில்லை. விளம்பரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவிடும் தரப்புக்கு உங்கள் மைக் இல்லாததால் குரல் அடைபட்டுவிடாது. ஆனால் அவர்கள் வர ஒப்புக்கொண்டால் கூச்சலிட்டு விரட்டாதீர்கள். கூச்சல் போட்ட மறுநாள் செய்தி கூச்சலைப் பற்றித்தான் வரும். நீங்கள் தேடிவைத்த ஆவணம் உறைக்குள்ளேயே கிடக்கும்.

கேள்வி நேரத்தில் ஒருவரே மைக்கைப் பிடித்துக்கொள்கிறார். என்ன செய்ய?

மைக்கை அவரிடம் கொடுக்காதீர்கள். தொண்டர் கையிலேயே இருக்கட்டும், கேட்பவர் வாயருகே நீட்டினால் போதும். முதல் இரண்டு கேள்விகளை மாணவிகளுக்கும் பணியாளர்களுக்கும் ஒதுக்குங்கள். முதலில் பேசும் குரல் எதுவோ அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கையுயர்த்துகிறார்கள்.

பல்கலைக்கழகம் முதலீட்டைத் திரும்பப் பெற்றால் நிறுவனத்தின் பங்கு விலை குறையுமா?

பெரும்பாலும் குறையாது. நீங்கள் விற்றதை வேறொருவர் வாங்கிக்கொள்வார். நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்காவோடு தொழில் செய்த நிறுவனங்களிலிருந்து அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரி 1977இல் பணத்தை எடுத்தபோது பங்குச் சந்தை திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. 1985இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் ஹாமில்டன் ஹால் கட்டடத்தை முற்றுகையிட்டார்கள், 1986இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட முதலீட்டை விலக்க முடிவு செய்தது. அதே ஆண்டில் அதிபர் ரீகனின் வீட்டோவையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றம் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் மாணவர்கள் பல ஆண்டுகள் புறக்கணித்துவந்த பார்க்லேஸ் வங்கியும் தென்னாப்பிரிக்காவைவிட்டு வெளியேறியது. பணம் நகர்ந்ததைவிட, அது ஏன் அங்கே கிடக்கிறது என்று ஆட்சிக்குழு உறுப்பினர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பதில் சொல்ல நேர்ந்ததுதான் வேலை செய்தது.

ஒழுங்கு நடவடிக்கை வந்தால்? எதிர்காலம்?

வரலாம். உதவித்தொகையில் படிப்பவர், விசாவில் வந்திருப்பவர், குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகியோருக்கு விலை அதிகம். அவர்களை முன்வரிசைக்கு இழுக்காதீர்கள். வராதவர்களைக் கோழை என்று பேசவும் செய்யாதீர்கள். ஆவணம் தேட, துண்டறிக்கை திருத்த, கணக்கு எழுத எவ்வளவோ வேலை இருக்கிறது.

நாங்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடுமே?

நிர்வாகம் நம்பியிருப்பதும் அதைத்தான். "குழு அமைத்திருக்கிறோம்" என்று சொல்லி ஒரு கோடை விடுமுறையைக் கடத்திவிட்டால் கேட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வளாகத்திலேயே இருக்கமாட்டார்கள். புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்க வேண்டும் என்று ஹார்வர்டில் வாக்களித்த இளநிலை மாணவர்களில் 72 சதவீதத்தினர் சொன்னது 2012இல். இனி நேரடி முதலீடு செய்யப்போவதில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது 2021இல். வாக்களித்தவர்களில் பலர் அதற்குள் வேறெங்கோ வேலையில் இருந்திருப்பார்கள்.

ஆகவே கூட்டம் முடிந்த மறுநாளே கோரிக்கைக் கடிதத்தைக் கொடுங்கள், பதிலுக்குத் தேதி குறியுங்கள். ஒரு கோப்பு தொடங்குங்கள். கொடுத்த கடிதங்கள், வந்த பதில்கள், யாரை எந்த நாளில் பார்த்தோம், அவர் வாயால் என்ன ஒப்புக்கொண்டார், உதவிய ஆசிரியர்கள் யார், துண்டறிக்கையின் ஒவ்வொரு வரிக்குமான ஆவணம் எது, எவ்வளவு வசூலாகி எதில் செலவானது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். முதலாண்டு மாணவர் ஒருவராவது ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கூட உட்காரட்டும். கோப்பின் ஒரு பிரதி வளாகத்துக்கு வெளியே இருக்கட்டும். கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் வைத்திருக்கும் மின்னஞ்சல் கணக்கில் எதையும் சேமிக்காதீர்கள்.